முதல் தண்ணீர் வந்த நாள்

லட்சுமிப்ரியாவுக்கு வேலை கிடைத்த கதையே ஒரு கூத்து. சிவில் இன்ஜினியரிங் முடித்தவள் ப்ராஜெக்ட் மேனேஜராக வேண்டும் என்று ஆசைப்பட்டாள். வீட்டிலிருந்தே படித்து, அனுபவம் கேட்காத ஆரம்பநிலைச் சான்றிதழ் ஒன்றை முதல் தடவையிலேயே வாங்கினாள். அதைக் கையில் வைத்துக்கொண்டு நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் அவள் ஏறி இறங்கிய அலுவலகங்களில் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். அனுபவம் இருக்கிறதா? சரி, பெரிய சான்றிதழான பி.எம்.பி.யையே எழுதிவிடலாம் என்று பார்த்தால், அதற்கு மூன்று வருஷம் வேலையை முன்நின்று நடத்திய அனுபவம் வேண்டும். அனுபவத்துக்கு யாராவது வேலை கொடுக்க வேண்டும். வேலை கொடுக்கிறவருக்கோ அனுபவம் வேண்டும். செக்குமாடு மாதிரி இதையே சுற்றிச் சுற்றி ஒன்றரை வருஷம் போயிற்று.

கடைசியில் குமாரதாஸ் என்ற கட்டட கான்டிராக்டர் அவளை எடுத்துக்கொண்டார். அவள் மேல் இரக்கப்பட்டு அல்ல. அவரிடம் ப்ராஜெக்ட் மேனேஜராக இருந்த ஸ்ரீகுமாருக்கு வேலை தெரியும், காகிதம் தெரியாது. கட்டடம் கட்டச் சொல்கிறவர்களோ இப்போதெல்லாம் அட்டவணை எங்கே, வார அறிக்கை எங்கே, ரிஸ்க் ரெஜிஸ்டர் எங்கே என்று கேட்கிறார்கள். அதையெல்லாம் இங்கிலீஷில் அழகாக அடித்துக் கொடுக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. ஆக, வேலை தெரிந்தவர் ஒருவர், காகிதம் தெரிந்தவள் ஒருத்தி. இரண்டு பேரையும் சேர்த்தால் ஒரு முழு மேனேஜர் என்பது குமாரதாஸின் கணக்கு.

ஸ்ரீகுமார் மலையடிவாரத்துக் குலசேகரத்துக்காரர். அப்பா ரப்பர் வெட்டுத் தொழிலாளி. டிப்ளமோ முடித்து, மஸ்கட்டிலும் தோஹாவிலும் பதினோரு வருஷம் வெயிலில் வெந்து, ஊருக்குத் திரும்பி எட்டு வருஷமாகிறது. திரும்பிய புதிதில் இரண்டு பெரிய நிறுவனங்களில் கேட்டுப் பார்த்தார். பி.எம்.பி. இல்லையென்று இரண்டிலும் கதவைச் சாத்திவிட்டார்கள். அந்தக் காந்தல் அவருக்கு ஆறவே இல்லை. லட்சுமிப்ரியாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. "எடோ சர்டிபிக்கேட்டு" என்றுதான் கூப்பிடுவார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார், ஆனால் அதில் ஒரு முள் இருக்கும்.

கெட்ட மனிதர் என்று சொல்லிவிட முடியாது. கான்கிரீட் கலவையைக் கையில் அள்ளிப் பார்த்தே தண்ணீர் கூடிப்போனதைச் சொல்லுவார். சாரத்தில் ஏறும்போது எந்தக் கம்பைப் பிடிக்கக் கூடாது என்பதை அவளுக்குக் காட்டிக் கொடுத்தவர் அவர்தான். மூன்று வருஷத்தில் அவள் கற்றதில் பாதிக்குமேல் அவரிடம் கற்றது. அது அவளுக்கும் தெரியும். அதனால்தான் அவரை எதிர்த்துப் பேச அவளுக்கு நாக்கு எழுவதில்லை.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. ஜூன் பத்தாம் தேதியோடு மூன்று வருஷம் முடிகிறது. பி.எம்.பி.க்கு விண்ணப்பிக்கும்போது எந்த வேலையை எத்தனை மாதம் நடத்தினாள் என்று எழுத வேண்டும். அது உண்மைதான் என்று மேலதிகாரி ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த மேலதிகாரி ஸ்ரீகுமார். "இந்தப் பெண் வெறும் டைப்பிஸ்டு" என்று அவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் மூன்று வருஷமும் குப்பைக்குப் போகும். அதற்கான அனுபவக் கடிதத்தை அடித்து அவர் மேசையில் வைத்து இரண்டு வாரமாகிறது. "கையெழுத்துதானே, போடலாம், ஓடியா போவுது?" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

வேலை நடந்துகொண்டிருந்தது தோவாளைப் பூச்சந்தையைத் தாண்டி, ஒரு கல்யாண மண்டபத்துக்கு. நாலு வருஷத்துக்கு முன்புவரை அது வயல். செம்மண் அடித்து நிரப்பி மனையாக்கியிருந்தார்கள். மேற்கே ஒட்டினாற்போலக் கிளைச் சானல். கோடையில் அதில் பாசனத் தண்ணீர் கிடையாது, பிளாஸ்டிக் குப்பியும் வாடிய பூமாலையும்தான் கிடக்கும். தரைக்குக் கீழே கார் நிறுத்த இடம் வேண்டும் என்று மண்டப முதலாளி சொன்னதால் பன்னிரண்டடி ஆழத்துக்குக் குழி தோண்டியாயிற்று. மேல் ஐந்தடி செம்மண், அதற்குக் கீழே பழைய வயலின் கறுத்த களி. இடம் போதாது என்று மேற்குப் பக்கத்தைச் சரிவில்லாமல் செங்குத்தாக வெட்டியிருந்தார்கள். சானல் கரைக்கும் குழிக்கும் நடுவே ஏழடி மண்தான் இருந்தது.

லட்சுமிப்ரியா அந்த மண்ணைப் பார்த்துப் பயந்தாள். படிப்பு சொல்லிக் கொடுத்த பயம் அல்ல அது. தோவாளைக்கு மேற்கே அவள் அப்பா தாணப்பனுக்கு ஒரு ஏக்கர் வயல் உண்டு. கன்னிப்பூ என்கிற முதல் போக நெல் சாகுபடிக்கு அணை திறந்தார்கள் என்ற செய்தி வந்ததும் அவர் செய்கிற முதல் காரியம் விதைப்பு அல்ல. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு சானல் கரைக்குப் போவார். கோடை முழுக்கக் காய்ந்து வெடித்த கரையில் நண்டுகள் வளை போட்டு வைத்திருக்கும். வைக்கோலும் களியும் பிசைந்து அவரவர் வயலுக்கு நேரே உள்ள வளைகளை அவரவர் அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால் முதல் தண்ணீர் கரையின் வயிற்றுக்குள் புகுந்து மறுபக்கம் கொப்பளிக்கும். வயலாக இருந்தால் நாற்றங்கால் மூழ்கும், அவ்வளவுதான். மண்டபத்து மனைக்கு நேரே இருந்த வளைகளை அடைக்க இப்போது ஆள் இல்லை. வயல்காரர் விற்றுவிட்டுப் போய்விட்டார், வாங்கியவருக்கு நண்டு என்றால் குழம்பில் கிடப்பது மட்டும்தான் தெரியும்.

ஆகவே அபாயங்களைப் பட்டியலிடும் ரிஸ்க் ரெஜிஸ்டரில் பதினேழாவது வரியாக எழுதினாள். சானலில் முதல் தண்ணீர் வரும்போது நண்டு வளைகள் வழியாகக் கசிவு. மேற்குச் சுவர் சரிய வாய்ப்பு அதிகம். விளைவு, உயிர்ச்சேதம். செய்ய வேண்டியது, தண்ணீர் வரும் முன்பே இரும்புத் தகடு இறக்கி முட்டுக் கொடுப்பது, முதல் நாலு நாள் குழிக்குள் யாரையும் இறக்காமல் இருப்பது.

மே கடைசியில் நடந்த வாரக் கூட்டத்தில் அதை வாசித்தபோது ஸ்ரீகுமார் முதலில் சிரித்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் சிரித்தார்கள்.

"எடோ சர்டிபிக்கேட்டு, நண்டக் கண்டு பேடிச்சா நீ எப்பிடி மேனேஜராவுவ? எங்க நாட்டுல பத்தடி மண்ண நெட்டுக்கு வெட்டித்தான் வீடு வச்சிருக்கு. முப்பது வருசமாட்டு நிக்குது, ஒரு கட்டி அடந்து விழல்ல."

"சார், அது மலை மண்ணு. இது வயலு. தண்ணி வந்தா நிக்காது."

"தோஹாவுல இதுக்க ரெண்டு மடங்கு குழியெடுத்தவனாக்கும் நான். எனக்கு நீ மண்ணு படிப்பிக்கியா?"

மலையில் அவர் சொன்னது உண்மை. தோஹாவில் சொன்னதும் உண்மையாகத்தான் இருக்கும். அங்கே முட்டுக் கொடுக்க வேறொரு கம்பெனி இருந்தது, சானல் இல்லை, நண்டும் இல்லை. பத்தொன்பது வருஷ அனுபவத்தில் இந்த ஏழடி மட்டும் இல்லாமல் போயிற்று. அதை அவரிடம் சொல்ல அந்த அறையில் ஒருவரும் இல்லை. தகடு இறக்கினால் பத்து நாள் வேலை தள்ளிப்போகும், ஆவணி முகூர்த்தத்துக்குள் மண்டபத்தைக் கொடுத்தாக வேண்டும் என்று குமாரதாஸ் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அதுல பொறுப்பாளர்னு ஒரு கட்டம் கிடக்கே, அதுல எனக்க பேர எழுதாத. எழுதினது நீ, நீயே வச்சுக்க" என்றார் ஸ்ரீகுமார்.

அவள் பொறுப்பாளர் கட்டத்தில் தன் பெயரையே போட்டாள். செய்ய வேண்டியது என்ற கட்டத்தில் இருந்ததை அழித்துவிட்டு, "கண்காணிக்கப்படும்" என்று எழுதினாள். அந்தச் சொல்லை அடிக்கும்போதே அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் அடித்தாள்.

ஜூன் மாதம் முதல் வாரம் வியாழக்கிழமை. காலையிலிருந்தே சாரல். பத்து மணிக்கு அப்பா போன் செய்தார்.

"மக்கா, நம்ம மடைக்குத் தண்ணி வந்தாச்சு கேட்டியா. விடியக்காலத்த போய்ப் பாத்தேன், கலங்கிப் போவுது. உங்க பக்கம் உச்சைக்குள்ள வந்துரும். அந்தக் குழிக்க கிட்ட நீ போய் நிக்காத."

மகள் நிற்கக் கூடாது என்பது மட்டும்தான் அப்பாவுக்கு. மற்றவர்கள் நிற்பதைப் பற்றி மகள்தான் நினைக்க வேண்டும். அவளும் நினைத்தாள். தகரக் கொட்டகையில் உட்கார்ந்து, முறைப்படி, ஒரு பிழையில்லாமல் மெயில் எழுதினாள். பதினேழாவது அபாயம் இன்று நிகழக்கூடும், குழிக்குள் வேலையை நிறுத்தப் பரிந்துரைக்கிறேன். ஸ்ரீகுமாருக்கு, குமாரதாஸுக்கு, பாதுகாப்பு அதிகாரிக்கு, வடிவமைப்பாளருக்கு, மண்டப முதலாளிக்கு. ஐந்து பேர். அனுப்பிவிட்டு நேரத்தைப் பார்த்தாள், பத்து பன்னிரண்டு.

பதினொன்றாயிற்று, பன்னிரண்டாயிற்று. பதில் இல்லை. சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு குழியின் கிழக்கு விளிம்புக்குப் போனாள். சானலில் தண்ணீர் வந்துவிட்டிருந்தது. குப்பியையும் மாலையையும் தள்ளிக்கொண்டு, காப்பி நிறத்தில், முக்கால் ஆள் உயரத்துக்கு ஓடியது. மேற்குச் சுவரில், செம்மண்ணும் களியும் சேர்கிற இடத்தில், கைவிரல் அகலத்துக்கு ஒரு ஈரக் கோடு தெரிந்தது.

அந்தச் சுவரை ஒட்டி வைகுண்டராஜன் குந்தியிருந்து கம்பி கட்டிக்கொண்டிருந்தார். கொட்டாரம் பக்கத்து ஆள், ஐம்பத்திரண்டு வயது, நெற்றியில் அய்யாவழிக்காரர்களின் வெள்ளை நாமம். அவருடன் இருந்த இரண்டு பேர் கம்பி எடுக்க மேலே போயிருந்தார்கள். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன மக்கா, மழையில நிக்கிய?"

ஏறி வாருங்கள் அண்ணாச்சி. மூன்று சொல். சொல்லியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். அவள் வாயைத் திறந்தாள். எதிர் விளிம்பில் ஸ்ரீகுமார் குடை பிடித்துக்கொண்டு அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தன்னுடைய ஆளைத் தன் கண் முன்னால் இவள் மேலே ஏற்றினால் அவர் என்ன சொல்வார் என்பதும், அந்தக் கடிதம் அவர் மேசையில் இன்னும் கையெழுத்தில்லாமல் கிடப்பதும், ஜூன் பத்துக்கு இன்னும் ஆறு நாள் என்பதும் ஒரே நொடியில் அவளுக்குள் ஓடின. மெயில் அனுப்பியாயிற்று, இன்னும் ஒருமுறை பதில் வந்திருக்கிறதா என்று பார்க்கலாம் என்றும் தோன்றியது. கோழைத்தனத்துக்குத்தான் எவ்வளவு சாக்கு கிடைக்கிறது.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. இன்னும் எத்தனை வரி?"

"ரெண்டு வரிதான் பாக்கி. முடிச்சிட்டு ஏறிருகேன்."

அவள் கொட்டகைக்குத் திரும்பி மெயிலைத் திறந்தாள். ஒருவரும் பதில் போடவில்லை. இரண்டு நாற்பதுக்கு லாரியிலிருந்து ஜல்லி கொட்டுவது போல ஒரு சத்தம் கேட்டது. அன்று ஜல்லி லாரி எதுவும் வருவதாக இல்லை.

ஓடிப் போனபோது மேற்குச் சுவர் இருந்த இடத்தில் சுவர் இல்லை. சானல் தண்ணீர் மூன்று இடத்தில் குழிக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. கம்பிக் கூடு மொத்தமாகக் கிழக்கே சாய்ந்து கிடந்தது. ஸ்ரீகுமார் குடையையும் செருப்பையும் எறிந்துவிட்டு, யார் தடுத்தும் கேளாமல் உள்ளே குதித்து, கையால் சேற்றை அள்ளினார். "அண்ணா, அண்ணா" என்று கத்திக்கொண்டே அள்ளினார். பத்து விரலிலும் ரத்தம் வந்தது. தீயணைப்பு வண்டி வந்து, தண்ணீரை அடைத்து, வைகுண்டராஜனை எடுக்கும்போது மணி ஐந்தேகால். அவர் கட்டி முடித்த கம்பி அவர் நெஞ்சின் மேல் கிடந்தது.

போலீஸ் வந்தது, தொழிலாளர் துறை ஆட்கள் வந்தார்கள். லட்சுமிப்ரியாவின் கணினியை எடுத்துக்கொண்டு போனார்கள். பொறுப்பாளர் கட்டத்தில் தன் பெயர் இருப்பதால் தன்னைத்தான் பிடிப்பார்கள் என்று மூன்று நாள் அவள் சோறு இறங்காமல் கிடந்தாள். நடந்தது வேறு. கூட்டத்தில் இருந்த இரண்டு பேர் ஸ்ரீகுமார் சிரித்ததைச் சாட்சி சொன்னார்கள். அந்த மெயில் அவரைக் குற்றவாளியாக்கியது. சரியான நேரத்தில், சரியான ஆளுக்கு எச்சரிக்கை போயிருக்கிறது, அவர் மதிக்கவில்லை. வேலையை நிறுத்தும் அதிகாரம் அவருடையது. அவரைக் கைது செய்தார்கள். காவல் நிலையத்தில் கட்டுப்போட்ட கைகளோடு உட்கார்ந்திருந்தவர், வாக்குமூலம் கொடுக்க வந்த அவளைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார்.

குமாரதாஸின் வக்கீலுக்கு அந்தப் பதினேழாவது வரி லாட்டரி அடித்த மாதிரி. கம்பெனி அபாயத்தை முன்கூட்டியே கண்டுபிடித்திருந்தது, ஒரு தனிமனிதரின் மெத்தனத்தால் நடந்த விபத்து என்று எழுதிக் கொடுத்தார். குமாரதாஸ் அவளை அறைக்குக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னார். மூன்று வருஷத்தில் முதல் தடவை.

"இனி நீதாம்மா ப்ராஜெக்ட் மேனேஜர். உனக்க அனுபவக் கடிதத்துல நானே கையெழுத்துப் போடுகேன். மூணு வருஷமும் நீதான் எல்லாத்தையும் நடத்தினன்னு எழுதிரு. திங்கக்கிழமை பதினோரு மணிக்கு வந்து வாங்கிக்க."

வீட்டில் அப்பா, "நீ என்ன மக்கா தப்பு பண்ணின? எழுதித்தானே குடுத்த? அவன்தானே கேக்கல்ல" என்று நூறு தடவை சொன்னார். அவளும் அதைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நடமாடினாள். எழுதித்தானே கொடுத்தேன். எழுதித்தானே கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கொட்டாரத்துக்குப் பஸ் ஏறினாள். வைகுண்டராஜனின் வீடு மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே, இரண்டு அறையும் ஒரு ஓட்டுச் சாய்ப்புமாக இருந்தது. அடக்கம் முடிந்து ஒன்பது நாள். அவர் மனைவி சத்தியபாய் முற்றத்தில் நெத்திலி காயப்போட்டிருந்ததை மழைக்கு முன்னால் அள்ளிக்கொண்டிருந்தாள். வந்திருப்பது யார் என்று கேட்காமலே தெரிந்துகொண்டாள்.

"வா மக்கா. இரி."

லட்சுமிப்ரியா உட்கார்ந்தாள். சத்தியபாய்தான் பேசினாள்.

"போலீசுகாரங்க சொன்னாவ. மண்ணு விழும்னு உனக்கு முன்னாடியே தெரியுமாம். நீ எழுதி வச்சிருந்தியாம்."

"ஆமாக்கா."

"ஆருட்ட எல்லாம் சொன்ன?"

"மெயில் போட்டேன். அஞ்சு பேருக்கு."

"அவருக்கும் போட்டியா?"

கேலி இல்லை அந்தக் கேள்வியில். மெயில் என்றால் என்ன, யாருக்கெல்லாம் போகும் என்பது சத்தியபாய்க்குத் தெரியாது. தன் புருஷனுக்கும் ஒன்று வந்திருக்கக்கூடும் என்று நம்பித்தான் கேட்டாள். லட்சுமிப்ரியாவுக்கு அப்போதுதான் அது முழுதாக உறைத்தது. அந்த மண்ணுக்கு அடியில் உட்கார்ந்திருந்த ஒரே ஒருவரைத் தவிர மற்ற எல்லாருக்கும் அவள் தெரிவித்திருந்தாள். இத்தனை நாள் அவர் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை என்பதுகூட அவள் மனதில் படவில்லை.

"இல்லக்கா. அவருக்குப் போடல்ல."

"நேர்ல சொல்லப்பிடாதா?"

"பக்கத்துல போனேன். பேசினேன். சொல்லல்ல."

"ஏன் மக்கா?"

அவள் அழுதாள். சத்தியபாய் அழவில்லை. நெத்திலிக் கூடையை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்து, அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"வீட்டுல எப்பவும் உனக்க பேச்சுதான். வயக்காட்டுப் பிள்ளை, படிச்ச பிள்ளை, மண்ணும் தெரியும் படிப்பும் தெரியும்னு சொல்லுவாரு. நீ ஏறி வாங்கன்னு ஒரு சொல்லு சொன்னா, கையில உள்ள கம்பியப் போட்டுட்டு ஏறியிருப்பாரு. ஏன்னு ஒரு வார்த்த கேட்டிருக்க மாட்டாரு."

மழை பிடித்துக்கொள்ளும், பஸ்ஸைப் பிடி என்று சத்தியபாயே எழுந்து அனுப்பி வைத்தாள்.

அந்தக் கடிதம் வேண்டாம், அந்த வேலையும் வேண்டாம் என்று பஸ்ஸில் வரும்போது முடிவு செய்தாள். நிஜமாகவே முடிவு செய்தாள். மறுநாள் பதினோரு மணிக்கு அதைச் சொல்வதற்காகத்தான் குமாரதாஸின் அறைக்குள் போனாள். அவர் கையெழுத்துப் போட்டு, சீல் வைத்து, கவரில் போட்டு நீட்டினார். வாங்கிக்கொண்டாள். அன்றைக்கும் அவள் வாய் திறக்கவில்லை.